தனி லைன்

ஃப்ரீசர் பாக்ஸ் மூன்றாவது முறையாக நின்றபோது, மெரின் கையிலிருந்த காபி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மீட்டர் பெட்டிக்கு ஓடினாள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ‘அருள் நிறைந்த மரியே’யின் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே ஃபேன் சும்மா இரண்டு சுற்று சுற்றி நின்றது. கண்ணாடிக்குக் கீழே கோட்டு போட்டுப் படுத்திருந்த சகாயநாதனுக்கு மட்டும் எந்தப் பதற்றமும் இல்லை. இந்த வீட்டில் கரண்ட் போய் அவர் எழுந்து ஓடாமல் படுத்திருந்தது அன்றைக்குத்தான்.

மீட்டர் பெட்டி வாசல் பக்கம் செருப்புக் குவியலுக்கு மேலே இருந்தது. மெயின் நன்றாகத்தான் நின்றது. வீடு பூராவுக்கும் போகிற ஹால் லைனுடைய சுவிட்ச் மட்டும் விழுந்து கிடந்தது. மெரின் அதைத் தொடவில்லை. நேரே உள்ளறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

“யாரு ஏ.சி.யப் போட்டது?”

“நான்தான் போட்டேன். இன்னா இப்போ?”

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் லெயோனி அத்தை, செத்தவருடைய அக்கா. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியும், பாரீஸில் மழை பெய்தால் புதுச்சேரியில் குடை பிடிக்கிறவள் அத்தை.

“பாரீஸ்லேர்ந்து உங்கண்ணன் அருணு, பொண்டாட்டி, புள்ள எல்லாம் இந்த வெயில்ல வந்து எறங்குனா மயக்கம் போட்டு உழும். ரூமு கொஞ்சம் குளுந்து இருக்கட்டும்னு போட்டேன்.”

“அவங்க வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. அதுவரைக்கும் கட்டிலுக்கா வேர்க்குது?”

“மோன் தியே, ஆண்டவரே! வாயப் பாரு. அப்பன் பொணமா கெடக்கறான், வாய் மட்டும் கொறையல.”

“அந்தப் பொணத்துக்குத்தான் கரண்ட் கேக்கறேன்.”

சொன்ன பிறகுதான் ஹாலில் எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்று உறைத்தது. கேட்டால் கேட்கட்டும். ஏ.சி. சுவிட்சை அணைத்து, ரிமோட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த வெற்றிவேல் பெட்டியின் கால்மாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோட்டார் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“பாப்பா, இது நின்னா ஒடனே ஆன் பண்ணக் கூடாது. அஞ்சு நிமிஷம் உடணும். இப்படி உழுந்து உழுந்து எழுந்திரிச்சா கம்ப்ரசர் எரிஞ்சிடும். எங்கிட்ட வேற பொட்டி இல்ல. இன்னிக்கு முகூர்த்தம், ஜெனரேட்டரும் எங்கயும் கெடைக்காது. அப்புறம் தேங்காய்த்திட்டு ஆர்பர்லேர்ந்து ஐஸ் பாருதான் எறக்கணும்.”

“மீனு மாதிரி ஐஸ்ல போடறதா என் தம்பிய?” உள்ளேயிருந்து அத்தை கத்தினாள்.

மெரின் அம்மாவைப் பார்த்தாள். ரோசா தலைமாட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று மூன்று மணியிலிருந்து அழவில்லை, சாப்பிடவில்லை. வந்து கட்டிப்பிடித்தவர்களிடமெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அருணு வந்து மொகத்தப் பாக்கட்டும்.” ஃபாதர் காலையிலேயே அடக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அப்படித்தான் நாலு மணி என்று முடிவானது. சித்திரை வெயில் கூரையில் நின்று எரிந்துகொண்டிருந்தது. மணி பதினொன்றரை. நாலரை மணி நேரம் அந்த முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். மற்றது எதுவும் மெரினுக்கு அப்போது முக்கியமில்லை.

சகாயநாதன் மில்லில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மில்லை மூடிய பிறகு வீட்டையே மில்லாக்கிக்கொண்டார். மிக்ஸி ஓடினால் அயர்ன் பாக்ஸ் ஓடக் கூடாது. மோட்டார் போட்டால் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அது அழகா, அவசியமா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். “எவ்ளோ இழுக்கும்?” என்பார். அருண் பாரீஸிலிருந்து ஆள் வைத்து அந்த ஏ.சி.யை மாட்டியபோது கடைக்காரர்கள் இவரைக் கேட்காமல் ஹால் லைனிலேயே இணைத்துவிட்டுப் போனார்கள். அதற்காக ஒரு மாதம் மகனோடு போனில் பேசவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையாவது கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால், பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் திட்டு. குளிர்ச்சியாக இருந்தால் “ம்” என்று ஒரு சத்தம். மெரினுக்கு அந்த ‘ம்’மைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வேலை செய்துகொண்டிருக்கும்போது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, மேஜைக்குக் கீழே குனிந்து, தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். இருபத்தெட்டு வயசுப் பெண்ணின் அறை என்கிற எண்ணமே கிடையாது.

அவளுக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிதாக ஒன்று, தானே பார்ட்ஸ் பார்த்து வாங்கிச் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு மாதம் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். இவர் பட்டியலைக் கையில் வாங்கி, கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா அந்த வரியில்தான் இருந்தது.

“எஸ்.எம்.பி.எஸ். நானூத்தம்பது வாட்டா? இந்தக் கார்டு எவ்ளோ இழுக்கும்?”

“அதெல்லாம் பாத்தாச்சுப்பா. போதும்.”

“சும்மா இருக்கும்போது போதும். எல்லாம் ஒண்ணா இழுக்கறப்ப? அறநூத்தம்பது போடு. மொதல்ல அத வாங்கு, மிச்சத்துல மத்தத வாங்கு.”

அவளுக்குக் கிராஃபிக்ஸ் கார்டுதான் உயிர். மிச்சம் பிடிக்கிறதென்றால் கண்ணுக்குத் தெரியாத அந்த இரும்பு டப்பாவில்தானே பிடிக்க முடியும்? சாம்பல் புதனுக்கு மறுநாள் கடைக்குப் போனபோது கூப்பிடாமலேயே கூட வந்தார். கடைக்காரன் எடுத்து வைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு கையிலும், விலை கூடின இன்னொன்றை மறு கையிலும் தூக்கி, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லியே தம்பி, காத்தா இருக்குது. உள்ள காப்பரு போட்டானா, மறந்துட்டானா?” கடையிலிருந்த காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். மெரினுக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது.

“மில்லுல பல்பு மாட்டுன ஆளுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? வாய மூடிட்டு வெளிய போய் நில்லுப்பா.”

அவர் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவள் விலை குறைந்ததையே வாங்கினாள். வீட்டுக்கு வருகிற வரைக்கும் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை. அவளும்தான். தவக்காலத்துக்கு ஊரெல்லாம் கறியை விட்டால், இந்த வீட்டில் இரண்டு பேர் பேச்சை விட்டார்கள். ஈஸ்டர் வந்து எல்லாரும் கறி எடுத்த பிறகும் இவர்கள் விரதம் முடியவில்லை. சாப்பாடு, சாவி, கேஸ் புக்கிங், எல்லாம் ரோசா வழியாகத்தான். “அவகிட்ட சொல்லு.” “அவருகிட்ட சொல்லு.” சொல்லுகிற தூரம் பத்தடிகூட இருக்காது.

கம்ப்யூட்டர் பார்க்க ஜம்மென்று இருந்தது. ஆனால் பெரிய வேலை கொடுத்தால் நின்றது. மூன்று மணி நேர எடிட்டை முடித்து வீடியோவாக்கப் போட்டால், பாதியில் பொசுக்கென்று திரை கருத்துவிடும். ஏன் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனால் செத்தாலும் வாயால் சொல்ல மாட்டாள். ஹாலில் பேப்பர் படிக்கிறவருக்குக் கேட்கிற மாதிரி சமையலறையைப் பார்த்துக் கத்துவாள்: “இந்த வீட்டுக் கரண்டே மட்டம்மா. வயரிங் பண்ணவனச் சொல்லணும்.”

போன வாரம் அவர் டிரில்லிங் மிஷினை எடுத்தார். இரண்டு நாள் வீடு முழுக்கப் புழுதி. மெரின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மேஜைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக் போர்டு வைத்தார். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி அதில் மாற்றினார், ஃபேன், விளக்கு வயரையும் அதோடு சேர்த்தார். முந்தாநாள் சாயங்காலம் அவள் வெளியே வந்து பார்த்தால், அவள் அறைக் கதவுக்கு வெளியே சுவரில் ஒரு வெள்ளை டப்பா. உள்ளே ஒரு சுவிட்ச்.

காலேஜ் படித்த காலத்தில் இப்படித்தான் செய்தார். பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்று அவள் அறைக்கான சுவிட்சை வெளியே வைத்தார். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட டக்கென்று இருட்டாகும். இரண்டு வருஷம் அந்த அவமானத்தை அனுபவித்தவள் அவள்.

“மறுபடியும் வெளிய சுவிட்ச் வெச்சிட்டாரா? நான் இன்னா ஜெயில்லயா இருக்கறேன்? இவரு எப்ப அணைக்கறாரோ அப்ப நான் படுக்கணுமா? அம்மா, கேளு அந்த ஆள! கேளு!”

தெருவுக்கே கேட்டது. அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் டெஸ்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ரோசா கோயிலுக்குப் போயிருந்தாள். மெரின் உள்ளே ஹெட்போனோடு இருந்தாள். டாக்டர், அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றார். அந்த அஞ்சு நிமிஷத்தில் அவர் கூப்பிட்டாரா என்பதை மெரின் யாரிடமும் கேட்க முடியாது.

வெற்றிவேல் சொன்ன அஞ்சு நிமிஷம் கழித்து மெரின் ஹால் லைன் சுவிட்சைத் தூக்கினாள். டப்பென்று விழுந்தது. சாமியானாக்காரனின் நாலு ஃபேன், பாட்டு செட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி தூக்கினாள். விழுந்தது. மூன்றாம் தடவை அது நிற்கவே இல்லை, தொளதொளவென்று ஆடியது. கருகின பிளாஸ்டிக் வாசனை வந்தது.

“எலக்ட்ரீசியனக் கூப்பிடும்மா யாராவது!” என்றார் கோயில் சபை ஆள் ஒருவர்.

“எலக்ட்ரீசியன் பொட்டிக்குள்ள படுத்திருக்காரு” என்றாள் மெரின்.

லெயோனி அத்தை அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏ.சி. இல்லாமல் வேர்த்து, கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

“அவன நீதான்டி கொன்ன. அம்பது நாளு பேசாம இருந்து கொன்ன. ஒரு டப்பாவுக்காக! நடுக்கடையில வெச்சு பல்பு மாட்டுன ஆளுன்னியாமே? எங்கிட்ட சொல்லி அழுதான்டி. அவன் மாட்டுன பல்பு வெளிச்சத்துலதான் நீ படிச்ச.”

“அழுதாரா?”

“ஆமா, அழுதான்.”

“எங்கிட்ட ஏன் பேசல? வாய் இருந்துச்சுல்ல அவருக்கு? உங்ககிட்ட வந்து அழத் தெரிஞ்சிது, எங்கிட்ட ஒரு வார்த்த பேசத் தெரியலயா?”

“அவன் அப்பன்டி!”

“நான் பொண்ணு!”

வெற்றிவேல் எழுந்து நின்று, “அம்மா, சண்டைய அப்புறம் போடுங்க. பொட்டி குளுரு எறங்குது” என்றான். கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்க ஆரம்பித்திருந்தது. மெரின் போனை எடுக்க அறைக்கு ஓடினாள். முகூர்த்தமோ என்னவோ, ஊரில் இருக்கிற ஜெனரேட்டர்காரனுக்கெல்லாம் போன் போட்டுவிடுவது என்று ஒரு வெறி. கதவைத் தள்ளினவள் அப்படியே நின்றாள்.

அவள் அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வீடு பூரா கரண்ட் இல்லை. இங்கே ஃபேன், விளக்கு, கம்ப்யூட்டரின் பின்பக்கத்துச் சின்னப் பச்சை வெளிச்சம், எல்லாம் இருந்தது. புது பிளக் போர்டிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று சுவரேறி, கதவுக்கு மேலே துளை வழியாக வெளியே போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். குழாய் அந்த வெள்ளை டப்பாவுக்குள் இறங்கி, மறுபடி ஏறி, ஹால் விட்டத்தின் ஓரமாகவே வாசல் வரைக்கும் ஓடி, மீட்டர் பெட்டிக்குள் போனது. ஹால் லைனோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. நேராக மெயினிலிருந்து, அவள் அறைக்கென்று தனியாக.

அணைக்கிறதுக்கு வைத்த சுவிட்ச் இல்லை அது.

நின்று யோசிக்க நேரமில்லை. பரண் மேலிருந்து அவருடைய பையை இறக்கினாள். மிச்சமான தடி வயர் ஒரு சுருள், டேப், டெஸ்டர், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. பல்லால் வயரைச் சீவினாள். சின்ன வயசில் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஞாபகத்தில் சாக்கெட் ஒன்றை முடுக்கினாள். வெற்றிவேல், “பாப்பா, தாங்குமா?” என்றான். “அவரு போட்டது. தாங்கும்” என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் கோபமாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வயரைச் செருகினாள். ஹாலில் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி, உர்ரென்று ஓட ஆரம்பித்தது. யாரோ “சேசுவே” என்றார்கள். செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

மெரின் மேஜைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். ரோசா எழுந்து வந்து அறை வாசற்படியில் நின்றாள்.

“அவரு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு.”

“இன்னான்னு?”

“‘தனி லைன் இழுத்துட்டேன். மீட்டர் பொட்டியில எடம் இல்ல, அதான் சுவிட்ச வெளிய வெச்சேன். இனிமே கம்ப்யூட்டரு நின்னா என் வயரிங் மேல பழி போட வேணாம்னு சொல்லு’ன்னாரு. முந்தாநாளு, நீ கத்திட்டுப் போன அப்புறம்.”

“ஏம்மா சொல்லல?”

ரோசா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்பது நாளு. அவகிட்ட சொல்லு, அவருகிட்ட சொல்லு. நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? இத ஒண்ணு சொல்லாட்டி இன்னா குடி முழுகிடும்னு உட்டுட்டேன். நாளைக்கு அவரே சொல்லட்டும்னு உட்டுட்டேன்.”

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மெரினுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு ‘நல்லா இரு’ இல்லை, ஒரு ‘போனாப் போவுது’ இல்லை. சாகிறதுக்கு முந்தின நாள்கூட, தன் வயரிங் சுத்தம் என்று நிரூபிக்க வீட்டைக் குடைந்திருக்கிறார் மனுஷன். இப்போது அந்த லைனில்தான் படுத்திருக்கிறார். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அந்த வெள்ளைக் குழாயைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். ரோசா திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு அருண் போன் பண்ணினான். “காலாப்பட்டு தாண்டிட்டோம்” என்றான். ஒன்றரைக்குக் கார் வந்தது. அருண் பெட்டி மேல் விழுந்து, கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “பப்பா, பப்பா” என்று அழுதான். இங்கே இருந்தவரைக்கும் அப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முகம் நன்றாக இருந்தது. கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். ரோசா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மகனின் முதுகில் அடித்து அடித்து அழுதாள். லெயோனி அத்தை அவன் பெண்டாட்டியை உள்ளறைக்கு அழைத்துப் போய், ஏ.சி. ஓடாததற்கு மெரின்தான் காரணம் என்று பிரெஞ்சிலும் தமிழிலுமாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்த அருண் முகத்தைக் கழுவிக்கொண்டு மெரினின் அறைக்கு வந்தான். கையில் போனும் சார்ஜரும். “செத்துப் போச்சு இது. ஃபாதருக்கு, ஃப்ளைட்டுக்கு எல்லாம் பேசணும்” என்றபடி போர்டின் இன்னொரு ஓட்டையைக் குறிபார்த்துக் குனிந்தான். மெரின் அவன் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். சார்ஜர் கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தது.

“பைத்தியமாடி உனக்கு? போன் சார்ஜர் எவ்ளோ இழுத்துடப் போவுது?”

“எவ்ளோ இழுத்தாலும் சரி. அதுல எதையும் சொருகாத.”

“நீ அப்படியே அவரு மாதிரியே பேசற” என்றான் அருண், கையைத் தேய்த்துக்கொண்டே. திட்டுவதற்குத்தான் சொன்னான். நாலு மணி வரைக்கும் அந்த அறை வாசற்படியை விட்டு மெரின் நகரவில்லை. பந்தலில் ஃபேன் இல்லை என்று முணுமுணுத்தவர்கள், பாட்டு செட் இல்லாத சாவு வீடா என்று கேட்டவர்கள் எல்லாரையும் முறைத்தே விரட்டினாள்.

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். வெற்றிவேல் ஃப்ரீசர் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த உர்ர் சத்தம் நின்றது. கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அத்தை, மெரின் போட்ட மண்ணைக்கூட எண்ணுகிற மாதிரி பார்த்தாள். திரும்பி வரும்போது ஆறு மணி. அருண் கூட்டி வந்த எலக்ட்ரீசியன் ஹால் லைனின் சுவிட்சை மாற்றிவிட்டு, “வயரிங்ல ஒரு கொறையும் இல்ல சார், சுவிட்ச்தான் பழசு. யாரு சார் பண்ணது, வெளிநாட்டு ஆளா?” என்று கேட்டான்.

மெரின் குளித்துவிட்டு அறைக்குள் வந்தாள். கம்ப்யூட்டர் பிளக்கை எடுத்துப் புது போர்டில் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். திரை வெளிச்சம் ஹாலில் விழுந்ததும் லெயோனி அத்தையின் குரல் கேட்டது. “அப்பன் குழி மண்ணு இன்னும் காயல. மகளுக்குக் கம்ப்யூட்டரு கேக்குது. கெட்டியான நெஞ்சுதான்.” மெரின் கதவைச் சாத்தவில்லை. கேட்கட்டும், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முடிக்காமல் கிடந்த கல்யாண வீடியோவைத் திறந்தாள். நாலு தடவை பாதியில் நின்ற அதே வீடியோ. முழுசாக ஓடவிட்டாள். உள்ளே கார்டின் விசிறி உறுமி எழுந்தது. பத்து சதவீதம். இருபது. பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் மெதுவாக ஓடிவருகிற இடம் வந்தது. எப்போதும் நிற்பது அங்கேதான். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போன் போடாமல், ஹால் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிற்காதே என்று வேண்டிக்கொண்டாளா, நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டாளா, அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தேழு சதவீதம்.

திரை கருத்தது. உறுமல் அடங்கியது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஃபேன் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே வெள்ளை டப்பாவில் சுவிட்ச் தூக்கின மாதிரியே நின்றது. மெரின் கொஞ்ச நேரம் கருத்த திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கீழே குனிந்து, பிளக்கைப் புறங்கையால் தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது.

“ம்மா” என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஐம்பது நாளாகக் கொடுத்துப் பழகின குரல்தான். “லைன்ல ஒரு தப்பும் இல்ல. எஸ்.எம்.பி.எஸ்.தான் சரியில்ல. அவருகிட்ட சொல்லிடு.”

சமையலறையில் டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.